நல்லா இருக்கேன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)

 

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு, மாடு, நடவு, குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். போன மாதம் தலைவி அக்கா என்னிடம் "ஆண்டு விழாவில் நீ பிரஷரைப் பத்திப் பேசணும்"னு சொன்னாங்க. "நான் என்ன டாக்டராக்கா?"ன்னு கேட்டேன். "டாக்டர் பேசினா தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. உன் வீட்டுல நடந்ததை நீ சொல்லு, மனசுல நிக்கும்"னாங்க. அதனால் என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் அழுதால் மன்னிச்சுக்குங்க.

என் மாமனாருக்கு பிரஷர் இருப்பது ஊரில் நடந்த ஒரு முகாமில் தெரிந்தது. மேலே 180, கீழே 110. அவருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வயலுக்குப் போய்த் தண்ணி பார்த்துவிட்டு வருகிற மனுஷன். "எனக்கு என்ன கேடு?"ன்னு கேட்டார். டாக்டர் சொன்னதால் மாத்திரை சாப்பிட்டார். மாதாமாதம் மாத்திரை வாங்கி வருவது என் வேலை. பஸ் பிடித்து, வரிசையில் நின்று, வாங்கிட்டு வருவேன்.

இரண்டு மாதத்தில் 130க்கு 80 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "வியாதி போயிடுச்சு"ன்னு நினைத்தோம். 2019 புரட்டாசி, சம்பா நடவு நேரம். ஒரு நாள் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் மாமாவிடம், "நல்லாத்தானே மாமா இருக்கீங்க, நடவு முடியட்டும், வாங்கிக்கலாம்"னு சொன்னேன். சொன்னது நான்தான். அவர் சரின்னுட்டார். நடவு முடிந்தது, களையெடுப்பு வந்தது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் மாத்திரையை மறந்தே போனோம்.

தை மாதம் ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டு இருந்தவர் கையில் இருந்து டம்ளர் நழுவி விழுந்தது. என்ன மாமான்னு ஓடிப் போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு. பேச்சு குழறுது. வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. வாயுன்னு சொல்லி எண்ணெய் தேய்த்தோம். தண்ணி குடிக்கக் கொடுத்தோம், புரையேறியது. பக்கத்து ஊரில் கை பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து திரும்பி, வண்டி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். இந்த மாதிரி அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் முதல் அறிகுறி தெரிந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், நேரம் போயிடுச்சும்மா என்றார் டாக்டர்.

இன்றைக்கு மாமா கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு பாதி வந்திருக்கிறது. வலது கையால் சோறு பிசைய முடியாது. வயல் வரப்பில் ஓடியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. அன்றைக்கு ஒரு நாள் நடவை விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

அதுக்கப்புறம்தான் நான் இந்த வியாதியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிஸ்டரிடம் கேட்டேன், டாக்டரிடம் கேட்டேன், வெட்கப்படாமல் கேட்டேன். அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பிரஷரில் இரண்டு எண் சொல்கிறார்களே, மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். கீழ் எண் இதயம் தளர்ந்து இருக்கும்போது இருக்கும் அழுத்தம். 120க்கு 80க்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாளில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதுக்கு மேலே இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். மேல் எண் மட்டும் கூடினாலும் சரி, கீழ் எண் மட்டும் கூடினாலும் சரி, கணக்கு ஒன்றுதான். நம் நாடு முழுக்க எடுத்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 35 பேருக்கு பிரஷர் இருந்ததாம். இந்தப் பந்தலில் மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் எத்தனை பேர், தெரியாதவர் எத்தனை பேர்?

இந்த வியாதி வலிக்காது. அதுதான் இதில் மோசம். வெளியே சத்தமே இருக்காது, உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். நம் குழுவில் கடன் வாங்கிய ஒருவர் தவணை கட்டாமல் இருந்தால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. வருஷம் கழித்து நோட்டைப் பார்த்தால் வட்டி மலை மாதிரி நிற்கும். பிரஷரும் அப்படித்தான் நான்கு இடத்தில் வட்டி ஏற்றும்.

முதல் இடம் மூளை. அங்கே குழாய் அடைத்தாலும் பக்கவாதம், வெடித்தாலும் பக்கவாதம். இரண்டாவது இதயம். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர் கை திரண்டு போகிற மாதிரி, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சதை தடித்துப் போகும். கை திரண்டால் பலம், இதயம் தடித்தால் பலவீனம். நாளாக ஆக மூச்சு வாங்கும், கால் வீங்கும். மூன்றாவது சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கிறதாம். அழுத்தத்தில் அந்த வடிகட்டி கெட்டுப் போனால், உடம்பில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். கெட்டுப் போன வடிகட்டி மறுபடி முளைக்காது. நாலாவது கண். உள்ளே இருக்கும் விழித்திரையில் உள்ள நுண்ணிய குழாய்கள் கெட்டுப் பார்வை மங்கும்.

ஆக, மாத்திரை சாப்பிடுவது எண்ணைக் குறைக்க மட்டும் இல்லை. இந்த நான்கையும் காப்பாற்றத்தான். மேல் எண்ணை 10 குறைத்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்கிறார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் தடித்துப் போன இதயச் சதைகூட மெல்ல மெல்லக் குறையுமாம். எனக்கு அதைக் கேட்டபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

இனி என் கதைக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அப்போதைய முதலமைச்சர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களில் இருந்து வந்த பெண்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பே இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. அதில் நம் குழுப் பெண்களின் கால்தூசிக்கும் பங்கு இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

எங்கள் ஊருக்கு வருகிற தன்னார்வலர் எங்கள் குழு அக்காதான். மாமாவுக்கு பிரஷர் பார்க்க மாதாமாதம் வருவாங்க. ஒரு நாள் மாமாவுக்குப் பார்த்துவிட்டு, "நீயும் கையை நீட்டு"ன்னாங்க. "எனக்கு 34 வயசுதானேக்கா"ன்னு சிரிச்சேன். 158க்கு 98 காட்டியது. மிஷின் கெட்டுப் போச்சுன்னு சொன்னேன். அடுத்த வாரம் பார்த்தாங்க, 160க்கு 100. இன்னொரு நாள் பார்த்தாங்க, அதே மாதிரிதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமாவுக்கு நடந்தது போதும், நாளைக்கே கிளம்பு"ன்னு சொல்லிக் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க.

டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்தார். சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ் இருந்தது. "பிரசவ நேரத்தில் பிரஷர் இருந்ததா?"ன்னு கேட்டார். இரண்டாவது பையன் வயிற்றில் இருக்கும்போது எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறியது. குழந்தை பிறந்ததும் இறங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அப்படி இருந்தவர்களுக்குப் பின்னால் பிரஷர் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கர்ப்பமாக இருக்கும்போது பிரஷர் இருந்திருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, "இனி குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கா?"ன்னு கேட்டார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாச்சுன்னு சொன்னேன். ஏன் கேட்டார் என்று அப்போது புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரியான மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல். கர்ப்பிணிகளுக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அதனால் கல்யாணம் ஆன சின்னப் பெண்கள் யாராவது பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாள் தள்ளிப் போனதும் முதல் வேலையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிரஷர் மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். எனலாப்ரில், லோசார்டன் வகை, குழாயை இறுக்கச் சொல்லி உடம்பு அனுப்புகிற உத்தரவைத் தடுக்கும். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, அதிலும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, சிறுநீரகத்தைக் காப்பதில் இந்த வகை ரொம்ப உதவும். நீர் மாத்திரை, உடம்பில் இருக்கும் கூடுதல் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். அடெனலால் இதயத்தின் ஓட்டத்தை நிதானப்படுத்தும். அதைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடவென்று அடித்து ஆபத்தாகும். ஒருவருக்கு ஒரு மாத்திரை போதும். ஒருவருக்கு இரண்டு வகை, மூன்று வகை தேவைப்படும். இரண்டு மாத்திரை கொடுத்தால் வியாதி முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரே மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இரண்டு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும், தொந்தரவும் குறைவு.

முக்கியமான ஒன்று: பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது. புடவையைக் கடன் வாங்கலாம், மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது.

எனக்கு எனலாப்ரில் கொடுத்தார்கள். பிரஷர் இறங்கியது. ஆனால் இரண்டு வாரத்தில் வறட்டு இருமல் வந்தது. ராத்திரி முழுக்க இருமல். வீட்டுக்காரர் தூக்கம் கெட்டது. கொரோனா முடிந்த சமயம் வேறு, பஸ்ஸில் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாமாவுக்கு அப்படி நடந்த பிறகும் நான் நிறுத்தினேன்! டப்பாவில் மாத்திரை அப்படியே இருந்தது. அடுத்த மாதம் அக்கா வந்து பிரஷர் பார்த்தாங்க, மறுபடி 156. என்னைப் பார்த்தாங்க, டப்பாவைத் திறந்து பார்த்தாங்க. திட்டவில்லை. "இருமலா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் அழுதுட்டேன்.

டாக்டரிடம் போனால், அவரும் திட்டவில்லை. "இந்த மாத்திரையில் சிலருக்கு இருமல் வரும், சொன்னால் மாற்றித் தர மாட்டேனா?"ன்னு கேட்டுவிட்டு லோசார்டன் எழுதிக் கொடுத்தார். சில நாளில் இருமல் நின்றது. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதையும் சொன்னால் மாற்றுவார்கள் அல்லது அளவைக் குறைப்பார்கள். தொந்தரவு வந்தால் சொல்ல வேண்டும், நாமே நிறுத்தக் கூடாது. இதை நான் இரண்டு தடவை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நடுவில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து சிறுநீர் பரிசோதித்தபோது புரதம் இல்லை. அந்தச் சீட்டை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இப்போது 126, 128 என்று நிற்கிறது. "இனி நிறுத்தலாமா?"ன்னு கேட்டேன். "மாத்திரை சாப்பிடுவதால்தானே 126? குடை பிடிச்சிருக்கறதால நனையல. நனையலைன்னு குடையை மடக்கிடுவியா?"ன்னு கேட்டார். மாமாவுக்கு 130 வந்தபோது இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

மாத்திரை மட்டும் போதுமா என்றால் போதாது. உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. அதில் குழம்பு, பொரியல், இட்லி மாவு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் அடக்கம். கல் உப்பும் உப்புதான், இந்துப்பும் உப்புதான். நான் ஊறுகாய் ஜாடியைச் சாப்பாட்டு இடத்தில் இருந்து எடுத்துப் பரண்மேல் வைத்தேன். முதல் பத்து நாள் வீட்டில் சண்டை. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. பொடிநடை, கீரை, பழம், நல்ல தூக்கம் இவையும் வேண்டும். வீட்டு ஆண்களுக்குப் பீடியும் குடியும் இருந்தால், மாத்திரை பாதி வேலைதான் செய்யும்.

இன்னொன்று வலி மாத்திரை. என் மாமியாருக்கு மூட்டு வலி. மெடிக்கலில் "வலி மாத்திரை ரெண்டு குடுப்பா"ன்னு வாங்கிச் சாப்பிடுவாங்க. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் மாதிரி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது. நடவு முடிந்து இடுப்பு வலிக்கும்போது நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது.

பிரஷர் பார்க்கும்போதும் சில விஷயம் இருக்கு. ஓடி வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, காப்பி வேண்டாம். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு ஏதாவது ஒன்றின் மேல் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம்!

மாத்திரையைக் காலையிலோ இரவிலோ, தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. நான் பல் துலக்கும் பிரஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பல் துலக்காமல் ஒரு நாளும் இருக்க மாட்டோமே.

பக்கவாதத்துக்கு இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: முகம் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக்கொண்டு 108க்குக் கூப்பிடுங்கள். எண்ணெய் வேண்டாம், வாயில் தண்ணி வேண்டாம், மாத்திரை வேண்டாம். நாலரை மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. நான் விட்டதை நீங்கள் விட வேண்டாம்.

கடைசியாக எங்கள் குழு செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் குழுவில் 12 பேர். எல்லோருக்கும் பார்த்ததில் நாலு பேருக்கு பிரஷர் இருந்தது. அதில் இரண்டு பேருக்கு அதுவரை தெரியவே தெரியாது. தீர்மான நோட்டில் எழுதினோம்: வாராவாரம் சந்தா வாங்கும்போதே "மாத்திரை இருக்கா, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்க வேண்டும். ஒருவர் நடவுக்குப் போனால் இன்னொருவர் அவருக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி வர வேண்டும். மாத்திரை கிடைக்காமல் வெளியே வாங்க வேண்டி வந்தால் குழுப் பணத்தில் வட்டியில்லாமல் கொடுக்க வேண்டும். சேமிப்பு ஒரு வாரம் விட்டுப் போனால் கேள்வி கேட்கிறோம், உயிருக்குக் கேட்க வேண்டாமா?

இதை எல்லாக் குழுவும் செய்ய வேண்டும் என்று கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு நோட்டுப் பக்கம், மாதம் ஒரு எண், அவ்வளவுதான் செலவு.

இன்றைக்கு நான் கிளம்பும்போது மாமா திண்ணையில் இருந்தார். இடது கையால் என் பையைத் தொட்டு, குழறிக் குழறி, "மாத்ரை... போட்டியா?"ன்னு கேட்டார். போட்டேன் மாமான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். நீங்களும் வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் இருக்கிறவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.